உச்சி வெயிலில் சோலர் உற்பத்தி குறைவது ஏன்? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலைக் காணும் எவரும், கூரையில் உள்ள சோலர் பனல்கள் இந்த மாதத்தில்தான் ஆகக் கூடிய மின்சாரத்தைத் தரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மேகம் ஒன்றும் இல்லாத நண்பகலில் 5 கிலோவாற்றுத் தொகுதி 3.9 கிலோவாற்றை மட்டும் காட்டும்போது, பனல் பழுதடைந்துவிட்டது என்றோ, பொருத்தியவர் ஏமாற்றிவிட்டார் என்றோ பலர் முடிவு செய்துவிடுகின்றனர். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. ஆயினும் சில வேளைகளில் சரியாகவும் இருக்கக்கூடும் என்பதால், அதை அளந்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

அளப்பவர் மனத்தில் வைத்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பனலுக்குள் புகும் ஒளியின் அளவு குறைந்தாலும், அதன் நிறமாலை (ஒளியில் அடங்கிய நிறங்களின் கலவை) மாறினாலும், அந்த மாற்றம் மின்னோட்டத்தில் தெரியும். பனல் சூடேறினால் அந்த மாற்றம் மின்னழுத்தத்தில் தெரியும். இன்வேட்டர் திரையில் பெரிய எழுத்தில் தெரியும் வலு இவ்விரண்டின் பெருக்கம் ஆகையால், அதை மட்டும் பார்த்துக் காரணத்தைப் பிரித்தறிய முடியாது. பெரும்பாலான இன்வேட்டர்களில் அடுத்த பக்கத்துக்குச் சென்றால் ஒவ்வொரு பனல் வரிசையின் வோல்ற்றும் அம்பியரும் தனித்தனியே காட்டப்படும். பின்வரும் பரிசோதனைகளில் பல அந்த ஒரு பக்கத்தை வைத்தே செய்யக்கூடியவை.

ஒரு முன்னெச்சரிக்கையைச் சொல்லாமல் தொடர்வது முறையன்று. பத்துப் பனல்கள் தொடராக இணைந்த வரிசையில் 400 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்ட மின்சாரம் இருக்கும். வெயில் இருக்கும் வரை அதை நிறுத்த முடியாது. மின்னோட்டம் பாயும்போது இணைப்பிகளைக் கழற்றினால் தீப்பொறி தோன்றி, அணையாமல் எரியும். ஆகவே இணைப்பைக் கழற்றி அளக்க வேண்டிய வேலையை, பயிற்சி பெற்ற மின்னியலாளரிடமே விட வேண்டும்.

அறிகுறி: மேகமற்ற நண்பகலில், பனலின் விவரச் சிட்டையில் உள்ள வலுவைவிட ஐந்திலொரு பங்கு குறைவாக வருகிறது

முதலில் வரிசையின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டம் சிட்டையில் உள்ள அளவுக்கு அண்மையில் இருந்து, அழுத்தம் மட்டும் குறைந்திருந்தால், அது பழுது அன்று; சூடு.

சிட்டையில் எழுதப்பட்டுள்ள வலு, சதுர மீற்றருக்கு 1000 வாற்று ஒளி, 25 பாகை செல்சியஸ் கல வெப்பநிலை (கலம் என்பது பனலுக்குள் மின்சாரத்தை உண்டாக்கும் சிலிக்கன் தகடு), வளித்திணிவு 1.5 இற்குரிய நிறமாலை ஆகிய மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே அமைந்த ஆய்வுகூடத்தில் அளக்கப்பட்டது. வளித்திணிவு என்பது சூரிய ஒளி நிலத்தை அடைவதற்கு முன் கடந்து வரும் வளிமண்டலத்தின் தடிப்பைக் குறிக்கிறது: சூரியன் நேர் உச்சியில் நின்றால் அது 1, உச்சியிலிருந்து 48 பாகை சரிந்து நின்றால் 1.5, 60 பாகை சரிந்தால் 2. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகையளவில் இருப்பதனால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் மாத இறுதியிலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. மார்கழியிற்கூட நண்பகல் வளித்திணிவு ஏறத்தாழ 1.2 தான். சிட்டை கருதுகின்ற நிறமாலை, சித்திரையில் நமக்குக் காலை 9 மணியளவிலும் பிற்பகல் 3.30 மணியளவிலும் கிடைக்கிறது, ஆனால் அந்நேரத்தில் ஒளியின் செறிவு 1000 வாற்றை எட்டுவதில்லை. செறிவு அதனை நெருங்கும் நண்பகலிலோ நிறமாலை நீலப் பக்கம் சற்றுச் சாய்ந்துவிடுகிறது. எஞ்சிய நிபந்தனையான 25 பாகையை நமது வெயிலில் எந்தப் பனலும் காண்பதில்லை.

நீலப் பக்கச் சாய்வு ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதை அறிய, சிலிக்கன் என்ற குறைகடத்தியின் இயல்பைப் பார்க்க வேண்டும். சிலிக்கனில் ஓர் இலத்திரனை விடுவிக்க 1.12 இலத்திரன்வோல்ற்றுச் சக்தி போதும். இது ஏறத்தாழ 1100 நனோமீற்றர் அலைநீளத்துக்கு ஒப்பானது. 400 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஊதா ஒளித்துணிக்கை ஒன்று 3.1 இலத்திரன்வோல்ற்றைக் கொண்டுவந்தாலும், அதுவும் ஓர் இலத்திரனைத்தான் விடுவிக்கும். மிகுதிச் சக்தி கலத்துக்குள்ளேயே வெப்பமாகும். மறுபுறம், 1100 நனோமீற்றருக்கு அப்பாற்பட்ட செந்நிறக்கீழ்க் கதிர்கள் இலத்திரனை விடுவிக்க வலுவற்றவை. அவை சிலிக்கனை ஊடுருவிச் சென்று, பெரும்பாலும் பின்புறத்தில் உறிஞ்சப்பட்டு, அங்கும் வெப்பத்தையே தருகின்றன. சிட்டை கருதுகின்ற நியம நிறமாலையின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு முதல் வழியிலும், ஐந்திலொரு பங்கு இரண்டாவது வழியிலும் வெப்பமாகின்றன. ஒரே ஒரு குறைகடத்திச் சந்தியைக் கொண்ட எந்தக் கலமும் ஏறத்தாழ 30 சதவீத வினைத்திறனைத் தாண்ட முடியாது என்று வில்லியம் ஷொக்லியும் ஹான்ஸ் குவைசரும் 1961 இல் கணக்கிட்டுக் காட்டியதற்கு இந்த இரு இழப்புகளே முக்கிய காரணம். நிறமாலையும் சூடும் வெவ்வேறு விடயங்கள் என்று பிரித்துப் பேசுவது வழக்கமாயினும், பனலின் சூட்டில் பெரும்பங்கு, மின்சாரமாக மாறாத நிறமாலையின் மறுவடிவமே ஆகும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான சிட்டைகளில், 800 வாற்று ஒளியிலும் 20 பாகைக் காற்றிலும் மெல்லிய காற்றோட்டத்திலும் கலம் அடையும் வெப்பநிலை 45 பாகை என்று குறிக்கப்பட்டிருக்கும். காற்று 33 பாகையாகவும் ஒளி 950 வாற்றாகவும் உள்ள நண்பகலில், அதே விகிதப்படி கலம் ஏறத்தாழ 63 பாகையை அடையும். 25 பாகைக்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகைக்கும் வலு 0.35 சதவீதம் குறையும் பனலில், இது மட்டுமே 13 சதவீத இழப்பு. ஒளி 1000 அன்றி 950 என்பதையும், கம்பியிலும் இன்வேட்டரிலும் இழக்கப்படும் சில சதவீதத்தையும் சேர்த்தால், 5 கிலோவாற்று 3.9 இல் வந்து நிற்கும். ஒவ்வொன்றும் 41 வோல்ற்று என்று எழுதப்பட்ட பத்துப் பனல்களின் வரிசை, 410 வோல்ற்றுக்குப் பதிலாக 360 வோல்ற்றளவில் இயங்கினால், கணக்கும் அளவீடும் ஒத்துப்போகின்றன என்று கொள்ளலாம்.

சூட்டை அளக்கும்போது, தொலைநின்று அளக்கும் வெப்பமானியைக் கண்ணாடிப் பக்கம் நீட்ட வேண்டாம். கண்ணாடியில் தெறிக்கும் வானத்தின் கதிர்வீச்சு அளவைத் தவறாக்கும். பனலின் பின்புற நடுப்பகுதியை அளந்து, அதனுடன் 2 அல்லது 3 பாகையைக் கூட்டினால் கல வெப்பநிலை கிடைக்கும்.

வாடை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தொடங்காத இடைக்காலமாகச் சித்திரை அமைவதும் இங்கே கவனிக்கத்தக்கது. உச்சிச் சூரியனும் காற்றின்மையும் ஒரே மாதத்தில் சேர்கின்றன. சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில், ஏறத்தாழ அதே வெயிலிலும் பனல்கள் பல பாகை குளிர்ந்திருப்பதை உங்கள் பதிவேட்டிலேயே காணலாம். எனவே செய்யக்கூடிய திருத்தம் காற்றுக்கு வழிவிடுவதே. ஓட்டுக் கூரையிலோ தகட்டுக் கூரையிலோ பனலை ஒட்டிப் பொருத்தியிருந்தால், 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை இடைவெளி விட்டு உயர்த்துங்கள். கீழ் விளிம்பும் மேல் விளிம்பும் திறந்திருக்கட்டும். அணிலும் புறாவும் நுழையாமல் தகரத்தால் முற்றாக அடைத்துவிடும் வழக்கம் பரவி வருகிறது. அது காற்றையும் சேர்த்தே அடைக்கிறது என்பதால், அகன்ற கண்ணுள்ள கம்பி வலை நல்லது. புதிதாக வாங்குபவர்கள், வினைத்திறனில் அரைச் சதவீதக் கூடுதலைத் தேடுவதைவிட, வெப்பநிலைக் குணகம் (ஒவ்வொரு பாகைக்கும் குறையும் வலுவின் சதவீதம்) 0.30 அல்லது அதற்குக் குறைவாக உள்ள வகையைத் தேடுவது நமது காலநிலைக்குப் பயன் மிகுந்தது என்பது எனது உறுதியான கருத்து.

அறிகுறி: நண்பகலில் உற்பத்தி முற்றாகப் பூச்சியமாகிச் சில நிமிடங்களில் மீள்கிறது

இதற்கும் நிறமாலைக்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 6 சதவீதம். அயலில் பல வீடுகள் ஒரே நேரத்தில் மின்சாரத்தை அனுப்பி, எவரும் பெரிதாகப் பயன்படுத்தாதபோது, லைனில் அழுத்தம் உயர்கிறது; அது அமைக்கப்பட்ட எல்லையைத் தாண்டியதும் இன்வேட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. இன்வேட்டரின் பிழைப் பதிவேட்டில் அழுத்த மிகைப்பு என்று இருந்தால், பனலைத் தொட வேண்டாம். உங்கள் பகுதிக்கு மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். பழைய பதிவுகளை ஒப்பிடுபவர்கள், 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் கூரைத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டதையும் நினைவில் கொள்க. அந்த நாட்களின் பூச்சியங்கள் பழுதின் அடையாளம் அல்ல.

அறிகுறி: மேகம் கலைந்து வரும் நேரத்தில் உற்பத்தி திடீரென எகிறி, மேல் எல்லையில் தட்டையாக நிற்கிறது

இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நேர் வெயிலோடு வெண்மேகத்தின் விளிம்பில் தெறித்த ஒளியும் சேரும்போது, செறிவு சிறிது நேரத்துக்கு 1000 வாற்றைத் தாண்டி 1200 வாற்றுக்கும் மேலே செல்வதுண்டு. அதற்கு முந்திய நிழலில் பனலும் குளிர்ந்திருப்பதனால் அழுத்தமும் உயர்ந்து நிற்கும். இன்வேட்டர் தனது கொள்ளளவுக்கு மேற்பட்டதை வெட்டிவிடுகிறது. உருகி அடிக்கடி எரிந்தால் மட்டும், அதன் அளவு பனலின் குறுஞ்சுற்று ஓட்டத்துக்குப் (இரு முனைகளையும் நேரடியாக இணைத்தால் பாயும் ஓட்டம்) போதிய மிகையோடு தெரிவு செய்யப்பட்டதா என்று மின்னியலாளரிடம் கேளுங்கள்.

அறிகுறி: ஒளிமானி ஒன்றைச் சொல்கிறது, பனல் வேறொன்றைச் சொல்கிறது

நிறமாலை தன் முகத்தை நேரடியாகக் காட்டும் இடம் இதுவே. இங்கு பெரும்பாலும் பிழை பனலில் அன்றி அளக்கும் கருவியில் இருக்கிறது.

கைபேசிச் செயலியும் மலிவான லக்ஸ் மானியும் மனிதக் கண்ணுக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. கண் 555 நனோமீற்றரை ஒட்டிய பச்சை ஒளியை மிகக் கூடுதலாக உணர்கிறது. சிலிக்கனோ 900 முதல் 1000 நனோமீற்றர் வரையிலான, கண்ணுக்குத் தெரியாத ஒளியில் மிகக் கூடுதலாக ஓட்டத்தைத் தருகிறது. இதனால் எல்ஈடி விளக்கின் கீழ் லக்ஸ் மானி நல்ல வெளிச்சம் என்று காட்டினாலும், செந்நிறக்கீழ்ப் பகுதி அறவே அற்ற அந்த ஒளியில் பனல் மிகக் குறைந்த ஓட்டத்தையே தரும்; கடையில் விளக்கின் கீழ் பனலைச் சோதித்து வாங்குவது பயனற்றது. மாமர நிழலில் நிலைமை தலைகீழாகும்: இலைகள் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு, 700 நனோமீற்றருக்கு அப்பாற்பட்டதைப் பெருமளவு ஊடுவிடுவதனால், லக்ஸ் மானி சொல்வதைவிடப் பனல் கூடுதலாகத் தரும். எவ்வாறாயினும், லக்ஸ் அளவை வைத்துப் பனலைக் குறை கூறக் கூடாது.

வெப்ப முறையில் அளக்கும் கதிர்மானி மேலானது. ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது ஏறத்தாழ 300 முதல் 2800 நனோமீற்றர் வரை அனைத்தையும் கூட்டி அளக்கிறது. நியம நிறமாலை வகுக்கப்பட்டபோது, வளிமண்டலத்தில் 1.42 சென்ரிமீற்றர் நீருக்குச் சமமான ஆவி இருப்பதாகக் கொள்ளப்பட்டது. ஈரப்பதன் மிகுந்த அயன வலயத்தில் அது 4 சென்ரிமீற்றருக்கு மேல் இருப்பது சாதாரணம். நீராவி ஒளியை உறிஞ்சும் முக்கியப் பட்டைகள் 940, 1130, 1400, 1900 நனோமீற்றர்களை ஒட்டியுள்ளன. இவற்றில் முதலாவது மட்டுமே சிலிக்கனின் பசிக்குரிய எல்லைக்குள் நன்றாக அடங்குகிறது. மற்றவை சிலிக்கன் எவ்வாறாயினும் பயன்படுத்தாத பகுதியில் இருக்கின்றன. எனவே புழுக்கம் மிகுந்த ஐப்பசி நாளொன்றில் கதிர்மானியின் அளவு குறையும்; பனலின் ஓட்டம் அந்த அளவுக்குக் குறையாது. ஒரு வாற்று ஒளிக்கு எத்தனை வாற்று மின்சாரம் என்று கணக்கிட்டால், பனல் திடீரெனத் திறமை பெற்றது போலத் தோன்றும். காற்று வறண்டதும் அந்தத் திறமை மறைந்துவிட்டது போலவும் தோன்றும். இரண்டும் தோற்றங்களே.

இந்த ஐயத்தைத் தீர்க்க, அதே வகைச் சிலிக்கனால் ஆன ஒப்பீட்டுக் கலத்தைப் பனலின் அதே சரிவில் பொருத்தி அளக்க வேண்டும். பனலின் கண்கொண்டே அது ஒளியைப் பார்க்கும் என்பதால் நிறமாலை வேறுபாடு இரு பக்கத்திலும் ஒன்றையொன்று நீக்கிவிடும். பளிங்குருச் சிலிக்கன் பனல்களில், ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்க்கையில் நிறமாலையால் மட்டும் ஏற்படும் ஏற்றமோ இறக்கமோ பெரும்பாலும் 1 அல்லது 2 சதவீதத்துக்குள் அடங்கும். 20 சதவீதக் குறைவுக்கு நிறமாலையைக் காரணம் காட்டுபவர் எவராயினும், அவரிடம் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் தனித்தனியே கேளுங்கள்.

குறைகடத்தியை மிக மெல்லிய படலமாகப் பூசிச் செய்யும் மென்படலப் பனல்களின் கணக்கு வேறு. கட்மியம் தெலூரைட் ஏறத்தாழ 850 நனோமீற்றருக்கு அப்பால் எதையும் பயன்படுத்துவதில்லை. பளிங்குருவற்ற சிலிக்கன் 750 ஐக்கூட நன்றாகத் தாண்டுவதில்லை. நீராவியின் முக்கியப் பட்டைகள் அனைத்தும் அவற்றின் எல்லைக்கு வெளியே விழுவதனாலும், நமது நண்பகலின் நீலச் சாய்வு அவற்றுக்கு உகந்தது என்பதாலும், ஈரமான வெப்ப நாடுகளில் அவை கூடுதலான நன்மையைப் பெறுகின்றன. பளிங்குருவற்ற சிலிக்கன் முதல் மாதங்களில் ஒளிபட்டே வலுவிழக்கும் என்பது 1977 முதல் அறியப்பட்டது. சூட்டில் அந்த இழப்பின் ஒரு பகுதி மீளும் என்பதால், வெப்ப நாடு அதற்கு ஒருவகையில் உகந்த இடம். ஆனால் அதன் வினைத்திறன் தாழ்ந்தது. சிறிய கூரைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: காலையும் மாலையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு

தாழ்ந்த சூரியனின் செவ்வொளி சிலிக்கனுக்குத் தீங்கானதன்று. வாற்றுக்கு வாற்று பார்த்தால் அது சற்று நன்மையானதே. ஆகவே உற்பத்தி குறைவதற்கான காரணத்தை நிறத்தில் தேடாமல் நிழலில் தேடுங்கள். பனை மரத்தின் நிழல் ஒடுக்கமானது, ஆனால் நீளமானது. காலையில் அது கூரை முழுவதையும் மெல்லக் கடந்து செல்லும். ஒரு பனலின் சில கலங்களில் விழுந்தாலே, நிழல்பட்ட பகுதியைத் தவிர்த்து ஓட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோட் இயங்கி, அந்தப் பனலின் மூன்றிலொரு பங்கு அழுத்தம் மறைந்துவிடும். அழுத்தம் சிறிது சிறிதாக அன்றி, படிக்கட்டுப் போலத் திடீர் திடீரென இறங்கி ஏறினால், அது நிழல். இதற்கு விதிவிலக்கு பளிங்குருவற்ற சிலிக்கன் பொருத்திய பழைய தோட்ட விளக்குகள். அவை மாலைச் செவ்வொளியில் உண்மையிலேயே குறைவாக மின்னேற்றம் பெறும்.

அறிகுறி: மழை ஓய்ந்த மாசியிலிருந்து மாதந்தோறும் ஓட்டம் சிறிது சிறிதாக இறங்குகிறது

அழுத்தம் மாறாமல் ஓட்டம் மட்டும் இறங்கினால், ஒளி உள்ளே போகவில்லை என்று பொருள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் இதற்கு முதற்காரணம் செம்மண். கோப்பாய், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் போன்ற இடங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நிலத்தைக் கிளறும் காலத்தில் எழும் நுண்தூசி, நீல ஒளியை உறிஞ்சிச் சிவப்பை விடுவதனாலேயே சிவப்பாகத் தெரிகிறது. பனலின் மேல் படியும்போதும் அதே வேலையைச் செய்கிறது. ஊர்காவற்றுறை, வேலணை, மயிலிட்டி போன்ற கரையோரங்களில் உப்பு படிந்து, ஈரத்தை இழுத்து, தூசியை ஒட்டவைக்கிறது.

உறுதிப்படுத்தும் வழி எளிது. அருகருகே உள்ள இரண்டு பனல்களில் ஒன்றை மட்டும் கழுவி, மேகமற்ற நேரத்தில், ஒரே நிமிடத்தில் இரண்டின் குறுஞ்சுற்று ஓட்டத்தையும் மின்னியலாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். வேறுபாடு 5 சதவீதத்தைத் தாண்டினால் எல்லாவற்றையும் கழுவுவது வீண்செலவாகாது.

கழுவும் நேரம் விடியற்காலை. நண்பகலில் 60 பாகைச் சூட்டில் இருக்கும் கண்ணாடியின் மேல் கிணற்று நீரை ஊற்றினால், திடீர்ச் சுருக்கத்தால் கண்ணாடியோ கலமோ வெடிக்கும் ஆபத்து உண்டு. நமது கிணறுகள் சுண்ணக்கல்லில் ஊறியவை. அந்த நீர் பனலிலேயே காய்ந்தால் வெண்படலமாக இறுகி, தூசியைவிடத் தீராத தடையாகிவிடும். மாரியில் சேமித்த மழைநீர் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையேல் கிணற்று நீரால் கழுவி, காய்வதற்கு முன் ரப்பர் விளிம்புள்ள துடைப்பானால் இழுத்துவிடுங்கள். சவர்க்காரத் தூளும் உரஞ்சும் நாரும் வேண்டாம். கண்ணாடியின் தெறிப்புத் தடுப்புப் பூச்சு அவற்றால் கெடும்.

அறிகுறி: கழுவிய பின்னும் ஓட்டம் மீளவில்லை, கலங்களின் மேல் மஞ்சள் அல்லது தவிட்டு நிறம் தெரிகிறது

கண்ணாடிக்கும் கலத்துக்கும் இடையில் ஈவிஏ என்ற ஒளிபுகும் பிளாஸ்ரிக் படலம் இருக்கிறது. புற ஊதாக் கதிரும் நீடித்த சூடும் சேர்ந்து அதை மஞ்சளாக்குகின்றன. மஞ்சளான படலம் நீல ஒளியை முதலில் விழுங்குவதனால், அழுத்தம் ஏறத்தாழ அப்படியே இருக்க, ஓட்டம் மட்டும் குறையும். 1980களில் கலிபோர்னியாவின் கரிசோ சமவெளியில், கண்ணாடிகளால் வெயிலைக் கூட்டிப் பாய்ச்சிய பனல்களின் ஈவிஏ படலம் சில ஆண்டுகளிலேயே தவிட்டு நிறமாகியது. அதன் பின்னரே இந்தப் படலத்தின் சேர்மானத்தில் உற்பத்தியாளர்கள் பெருங்கவனம் செலுத்தினர். அதிக வெயிலைப் பெறும் ஆசையில் பனலின் எதிரே தகரத்தையோ முகக்கண்ணாடியையோ சாய்த்து வைப்பவர்கள், அதே சோதனையைத் தமது கூரையில் மறுபடியும் நடத்துகின்றனர்.

மஞ்சளாகிய படலத்தைத் திருத்த முடியாது. செய்யக்கூடியது உத்தரவாதத்தைக் கோருவதே. உத்தரவாதம் பேசுவது நியம நிபந்தனைகளில் உள்ள வலுவைப் பற்றியது என்பதால், கூரையில் அளந்த எண்ணை அப்படியே எழுதி அனுப்பினால் விற்பனையாளர் மறுத்துவிடுவார். எண்ணை மாற்றி எழுதுங்கள். சிட்டையில் 13 அம்பியர் குறுஞ்சுற்று ஓட்டமுள்ள, நன்றாகக் கழுவிய பனலில், ஒப்பீட்டுக் கலம் 900 வாற்றைக் காட்டும்போது 10.2 அம்பியர் கிடைத்ததாகக் கொள்வோம். அதை 0.9 ஆல் வகுத்தால் 11.33. சூடு ஓட்டத்தைச் சற்றுக் கூட்டும்; பாகைக்கு 0.05 சதவீதம் வீதம், 60 பாகையில் 1.75 சதவீதம். அதைக் கழித்தால் ஏறத்தாழ 11.1 அம்பியர், அதாவது சிட்டையைவிட 14 சதவீதம் குறைவு. பனலின் தொடர் இலக்கம், அளந்த நாளும் நேரமும், ஒளியின் செறிவு, பின்புற வெப்பநிலை, மஞ்சள் நிறம் தெளிவாகத் தெரியும் படம், அருகில் உள்ள பழுதற்ற பனலின் அதே நேர அளவீடு ஆகியவற்றோடு இந்தக் கணக்கையும் இணைத்து, எழுத்து மூலம் அனுப்புங்கள்.